இலைத் தேயிலை: கசக்கிறதா, துவர்க்கிறதா?

கேள்வியைச் சுருக்கி இப்படி எடுத்துக்கொள்கிறேன். ஊட்டி போய் வந்த நண்பர் நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலை, அதாவது தூளாக்காத இலைத் தேயிலை, ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறார். அதைப் பார்த்து ஆசை வந்து நீங்களும் ஏர்ல் கிரே, மல்லிகை கிரீன் டீ, ஊலாங் என்று மூன்று டப்பா வாங்கியிருக்கிறீர்கள். எதைப் போட்டாலும் ஒன்று வெந்நீர் மாதிரி சப்பென்று இருக்கிறது, இல்லாவிட்டால் வாயில் வைக்க முடியாத கசப்பு. காசு வீணா, கை பழகவில்லையா, அல்லது இதை ருசித்துக் குடிப்பதாகச் சொல்கிறவர்கள் எல்லாம் சும்மா பெருமைக்குச் சொல்கிறார்களா?

பெருமைக்குச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அதை மறுக்க மாட்டேன். ஆனால் உங்கள் காசு வீணாகவில்லை. குன்னூரில் தேயிலை ஏலத்துக்கு வரும் சரக்கை ருசி பார்த்துத் தரம் சொல்லும் அறை ஒன்றில் சில வருடங்கள் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் ஒன்று கேட்க வேண்டும். கசந்ததா, துவர்த்ததா?

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. பாகற்காய், வேப்பம்பூ ரசம், இதெல்லாம் கசப்பு; நாக்கிலேயே உட்கார்ந்துகொள்ளும். வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்தால், நாவற்பழம் தின்றால், கொட்டைப்பாக்கை மென்றால் வாய் உள்பக்கமாக இழுக்குமே, பல்லில் நாக்கு வழுக்காமல் ஒட்டுமே, அது துவர்ப்பு. நம் அறுசுவையில் இரண்டும் தனித்தனி இருக்கைகள். ஆனாலும் பழக்கத்தில் பால் ஊற்றாத டீயைக் குடித்ததும் எல்லாவற்றையும் சேர்த்து 'கசக்குது' என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் துவர்ப்பு நாக்குக்குத் தெரியும் ருசி என்பதைவிட வாய்க்குத் தெரியும் தொடுவுணர்வு. தேயிலையில் இருக்கும் பாலிபீனால்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள் எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்கின்றன, வாயின் வழுவழுப்பு போய்விடுகிறது, அவ்வளவுதான். பால் ஊற்றினால் துவர்ப்பு அடங்கிவிடுவதும் இதனால்தான். எச்சில் புரதத்துக்குப் பதிலாகப் பால் புரதம் அந்த வேலையை ஏற்றுக்கொள்கிறது.

ஏன் இதைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன் என்றால், இரண்டுக்கும் வைத்தியம் வேறு. என் அனுபவத்தில், கசந்தால் பெரும்பாலும் தண்ணீர் சூடு அதிகம், முக்கியமாக கிரீன் டீயில். துவர்த்து வாயை இழுத்தால் இலை தண்ணீரில் அதிக நேரம் கிடந்திருக்கிறது. சப்பென்று இருந்தால் இலை போதவில்லை. இந்த மூன்றாவதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள்: சப்பென்று இருக்கிறதே என்று இலையைக் கூட்டாமல் நேரத்தைக் கூட்டுவார்கள், பத்து நிமிடம் ஊறவிடுவார்கள், வாசனை வந்தபாடில்லை, துவர்ப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

சரி, நமக்கு இந்தத் தவறு ஏன் இயல்பாக வருகிறது? நாம் வளர்ந்தது டீத்தூளில். அது சிடிசி, 1930களில் அசாமில் உருவான முறை. பல் வைத்த உருளைகளுக்கு நடுவே இலையை நசுக்கி, கிழித்து, குருணையாகச் சுருட்டிவிடுவது. இலையின் ஒவ்வொரு செல்லும் உடைந்திருப்பதால் கொதிநீரில் போட்ட அரை நிமிடத்திலேயே நிறமும் சத்தும் மொத்தமாக இறங்கிவிடும். பாலையும் சர்க்கரையையும் தாங்கி நிற்க அப்படிப்பட்ட கட்டுமஸ்தான டிகாஷன்தான் வேண்டும். கடை மாஸ்டர் துணிப்பையில் தூளைப் போட்டு மேலே மேலே கொதிநீர் ஊற்றுவது அதற்குச் சரியான வழி. ஆர்த்தடாக்ஸ் அப்படி இல்லை. கொழுந்தை ஒரு ராத்திரி வாடவிட்டு, முறுக்கி உருட்டி, காற்றில் பழுக்கவைத்து, உலர்த்துகிறார்கள்; இலை ஓரளவு முழுசாகவே இருக்கும், மெதுவாகத்தான் அவிழும். அதைச் சட்டியில் போட்டுக் கொதிக்கவைப்பது, கொத்தமல்லித் தழையை அரைமணி நேரம் வேகவைத்துவிட்டு வாசனை எங்கே என்று கேட்பது போல.

பொட்டலத்தின் மேல் எஃப்ஓபி (FOP), பிஓபி (BOP) என்று எழுதியிருந்தால் அது தரச்சான்று என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் இலையின் அளவையும் தோற்றத்தையும் சொல்லும் எழுத்துகள் அவை. பி (B) என்று தொடங்கினால் உடைத்த இலை, சீக்கிரம் இறங்கும், நேரத்தைக் குறையுங்கள். நடுவில் வரும் ஓ ஆரஞ்சைக் குறிக்கும், ஆனால் அதில் ஆரஞ்சு வாசனை எதுவும் கிடையாது. டப்பாவை மோந்து பார்த்து ஏமாந்த ஒருவரை எனக்குத் தெரியும், அது நான்தான்.

இனி அளவு. ஸ்பூன் கணக்கை விட்டுவிடுங்கள். டீத்தூள் ஒரு தேக்கரண்டி எடுத்தால் இரண்டரை, மூன்று கிராம் வரும். நீளமாக முறுக்கிய இலையில் அதே கரண்டிக்கு ஒன்று, ஒன்றரை கிராம்கூடத் தேறாது. உருண்டையாகச் சுருட்டிய ஊலாங் என்றால் மறுபடி மூன்று கிராம். உங்கள் நீலகிரி டீ வெந்நீராக இருந்த ரகசியம் இதுவாகத்தான் இருக்கும். அரை கிராம் வரைக்கும் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்குங்கள். இந்தப் பொழுதுபோக்கில் நீங்கள் வாங்கியே ஆகவேண்டிய ஒரே கருவி அதுதான். 150 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் என்று தொடங்கி, பிறகு உங்கள் வாய்க்கு ஏற்றபடி கூட்டிக் குறையுங்கள்.

சூட்டுக்குத் தெர்மாமீட்டர் தேவையில்லை. நம் ஊர்த் தட்பவெப்பத்தில் கணக்கு ரொம்பச் சுலபம்: தளதளவென்று கொதித்த தண்ணீர் மூன்று பங்கு, பானைத் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் 80 டிகிரி சொச்சம் வரும். கிரீன் டீக்கு அது போதும். பெரும்பாலான பிளாக் டீக்குக் கொதித்த தண்ணீர் அப்படியே. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருப்பதால் அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் குடித்தபோது மென்மையாக இருந்த அதே பொட்டலம் சென்னையில் கொஞ்சம் முரட்டுத்தனமாக இறங்குகிறது என்றால் கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று அர்த்தமில்லை. அடுப்பை அணைத்து ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்து ஊற்றிப் பாருங்கள்.

தண்ணீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் கோப்பையில் இருப்பதில் பெரும்பகுதி அதுதானே. போர் தண்ணீரில் டீ போட்டால் மேலே எண்ணெய்ப் படலம் போல ஒரு ஆடை மிதக்கும், கோப்பை ஓரத்தில் கறையாக ஒட்டும், பார்த்திருப்பீர்கள். கடின நீரில் இருக்கும் கால்சியம் செய்யும் வேலை அது. வாசனையையும் அமுக்கிவிடும். அதற்காக உப்பெல்லாம் உறிஞ்சப்பட்ட ஆர்ஓ தண்ணீர் உத்தமம் என்றும் சொல்ல மாட்டேன், அதில் டீ தட்டையாக இருக்கும். இரண்டையும் கலந்து பாருங்கள், அல்லது ஒரு நாள் கேன் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளில் இருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம், அவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

இப்போது உங்களிடம் இருக்கும் நான்கையும் ஒவ்வொன்றாக எடுப்போம்.

நீலகிரி. இரண்டு பருவமழையும் கிடைப்பதால் அங்கே வருடம் முழுக்கக் கொழுந்து பறிக்கிறார்கள், ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் காத்திருப்பது டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான இலைக்கு. ராத்திரிக் குளிரில் செடியின் வளர்ச்சி மந்தமாகி வாசனை கூடும். பனி விழும் காலத்து டீ என்றே தனியாக விற்பார்கள். அப்படிப்பட்டதை ரொம்பவே வாடவைத்துச் செய்வதால் பிளாக் டீ என்று பெயர் இருந்தாலும் காய்ந்த இலையில் பச்சை தெரியும், சாயமும் வெளிறிய பொன் நிறத்தில்தான் இருக்கும். நிறம் வரவில்லையே என்று கூடுதலாக ஊறவிடாதீர்கள். 90, 95 டிகிரி, மூன்று நிமிடம், வடிகட்டிவிடுங்கள். இன்னொரு குணமும் இதற்கு உண்டு. அசாம் டீயை ஸ்ட்ராங்காகப் போட்டு ஆறவிட்டால் கலங்கிப்போய் பால் சொட்டியது மாதிரி மங்கும். ருசி பார்ப்பவர்களுக்கு அது நல்ல அறிகுறி, காஃபீனும் டீயின் செந்நிறப் பொருள்களும் சேர்ந்து திரள்கின்றன என்று அர்த்தம். நீலகிரி டீ ஆறினாலும் பெரும்பாலும் தெளிவாகவே நிற்கும். ஐஸ் டீக்கு உலகம் முழுக்க அதைத் தேடுவது இதனால்தான். நீங்களும் ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரில் 8 கிராம் போட்டு ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் வடித்துக் குடித்துப் பாருங்கள். சூடே படாததால் துவர்ப்பு மிகக் குறைவாக இருக்கும், பூ வாசனை மட்டும் தனியாகத் தெரியும். சித்திரை வெயிலுக்கு இதைவிட நல்ல பானம் மோர் ஒன்றுதான்.

ஒரு சின்ன விலகல். நீலகிரியில் பெரும்பாலான தொழிற்சாலைகள் சிடிசிதான் போடுகின்றன, ஆர்த்தடாக்ஸ் சிறுபான்மை. கூடலூர், கோத்தகிரி பக்கம் கொழுந்து பறிக்கிறவர்களில் பலருடைய குடும்பங்கள் 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவை. டான்டீ என்ற தமிழக அரசு நிறுவனம் வளர்ந்ததே அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத்தான். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று பொட்டலத்தில் அழகாக அச்சடித்திருப்பார்களே, அதைக் கையால் கிள்ளி எடுக்கிறவர்கள் இவர்கள். கையால் கிள்ளாமல் கத்தரியால் வெட்டியெடுத்த இலையில் முற்றல் சேர்ந்துவிடும், அந்த முரட்டுத்தனம் கோப்பையிலும் தெரியும்.

ஏர்ல் கிரே பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிளாக் டீயில் பெர்கமாட் என்ற நாரத்தை வகைப் பழத்தின் தோல் எண்ணெயைத் தெளித்தது. அந்தப் பழம் பெரும்பாலும் இத்தாலியின் கலாப்ரியாவில் விளைகிறது. எண்ணெய் என்பதால் சூட்டில் பறந்துவிடும், எனவே மூடி போட்டு ஊறவையுங்கள், மூன்று நிமிடம் போதும். டப்பாவைத் திறந்ததும் குப்பென்று அடித்து, கோப்பையில் சோப்பு மாதிரி இருந்தால் எண்ணெயைக் கொட்டிவிட்டார்கள் என்று பொருள். நீங்கள் செய்யக்கூடியது, அதை உங்கள் நீலகிரியோடு பாதிக்குப் பாதி கலப்பதுதான். நான் அப்படித்தான் ஒரு டப்பாவைத் தீர்த்தேன்.

மல்லிகை டீயில் கொஞ்சம் நிற்கலாம், ஏனென்றால் அது நமக்குச் சீனாக்காரர்களைவிட நன்றாகப் புரிய வேண்டிய டீ. அதற்குப் பயன்படும் பூ நம்முடைய குண்டுமல்லிதான், மதுரை மல்லியும் அதே இனம். ஃபூஜியான் மாகாணத்தின் ஃபூஜோவில் வளர்ந்த கலை இது. வசந்தத்தில் பறித்த கிரீன் டீயைச் செய்து எடுத்து வைத்துக்கொண்டு, கோடையில் பூ வரும்வரை காத்திருப்பார்கள். மல்லி மொட்டு பகலில் வாசனை தராது, இருட்டிய பிறகு விரியும்போதுதான் தரும். காலையில் மாட்டுத்தாவணியில் வாங்கிய மொட்டு சாயங்காலம் கூந்தலில் விரிகிறதே, அதே கணக்கு. பகலில் மொட்டைப் பறித்து, இரவில் அது விரியும் நேரத்தில் தேயிலையோடு கலந்து குவித்துவைப்பார்கள். காய்ந்த தேயிலை பக்கத்தில் என்ன வாசனை இருந்தாலும் உறிஞ்சிக்கொள்ளும். விடிந்ததும் பூவைச் சலித்து எடுத்துவிட்டு, ஈரம் ஏறிய இலையை மறுபடி உலர்த்துவார்கள். மறுநாள் இரவு புதுப்பூ. நல்ல சரக்குக்கு இப்படி ஐந்தாறு தடவை, அதற்கு மேலும் நடக்கும்.

ஆக, டப்பாவுக்குள் நிறையப் பூ கிடந்தால் சந்தோஷப்படாதீர்கள், வேலை முடிந்த பூவுக்கு அங்கே இடமில்லை, அழகுக்காகத் தூவியிருக்கலாம். நிஜமாகப் பூ வைத்து ஏற்றியதா, எசன்ஸ் தெளித்ததா என்று பார்க்க எளிய வழி இரண்டாவது முறை ஊற்றிப் பார்ப்பது. எசன்ஸ் முதல் கோப்பையோடு ஓடிப்போகும். பூவிலிருந்து ஏறிய வாசனை இரண்டாவது, மூன்றாவது கோப்பையிலும் இருக்கும். காய்ச்சும் முறை: 80 டிகிரி, இரண்டு நிமிடம். கொதிநீரை ஊற்றினால் மல்லிகையும் இருக்கும், பாகற்காயும் இருக்கும். உங்களுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும்.

வீட்டில் மல்லிச் செடி இருந்தால் இதை நீங்களே செய்து பார்க்கலாம். நல்ல சாதாரண கிரீன் டீ 50 கிராம், சாயங்காலம் பறித்த முற்றிய மொட்டு இரண்டு கைப்பிடி, ஒரு அகலப் பாத்திரத்தில் கலந்து துணி போட்டு மூடி வைத்துவிட்டுக் காலையில் பூவைப் பொறுக்கி எடுங்கள். இலையை வாணலியில், கை பொறுக்கும் சூட்டில், மொறுமொறுப்பு திரும்பும்வரை பிரட்டுங்கள். இரண்டு நாளில் குடித்துத் தீர்த்துவிடுங்கள். கடையில் வாங்கும் பூ மட்டும் வேண்டவே வேண்டாம், அது தலையில் வைப்பதற்காக வளர்த்தது, மருந்து அடித்திருப்பார்கள்.

நாலாவது ஊலாங். கிரீன் டீக்கும் பிளாக் டீக்கும் நடுவில் பாதி பழுக்கவைத்து நிறுத்தியது என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்தப் 'பாதி'க்குள்ளேயே பச்சைப் பூ வாசனையிலிருந்து கரியில் வாட்டிய முந்திரி வாசனை வரை எல்லாம் அடக்கம். இதை ஒரு பெரிய கோப்பையில் ஒரே தடவையாகப் போட்டால் பாதி சுகம் போய்விடும். 100 மில்லி பிடிக்கும் சின்னப் பீங்கான் கிண்ணம் ஒன்றில் 5 கிராம் இலை போட்டு, கொதிநீர் ஊற்றி, சாஸரால் மூடி, இருபது முப்பது விநாடியில் முழுக்க வடித்துவிடுங்கள். சீனாவில் இதற்கென்றே கைவான் என்று மூடி போட்ட கிண்ணம் இருக்கிறது, நமக்கு சாஸர் போதும். அதே இலையில் மறுபடி ஊற்றுங்கள், ஒவ்வொரு தடவையும் பத்துப் பத்து விநாடி கூட்டிக்கொண்டே போங்கள். ஆறேழு தடவை வரும். முதல் கிண்ணத்தைவிட மூன்றாவது நன்றாக இருக்கும், அஞ்சாவதில் வேறு ஒரு இனிப்பு வரும். கொஞ்ச இலையை நிறையத் தண்ணீரில் நிறைய நேரம் ஊறவைப்பதற்கு நேர் எதிரான வழி இது.

இனி ருசி பார்ப்பது. உலகம் முழுக்க ருசி பார்ப்பவர்களுக்கு ஐஎஸ்ஓ 3103 என்று ஒரு விதியே உண்டு: 100 மில்லிக்கு 2 கிராம், கொதிநீர், ஆறு நிமிடம், மூடிய பீங்கான் கோப்பை. அப்படிப் போட்ட டீ குடிக்க லாயக்கில்லாத அளவுக்குக் கடுமையாக இருக்கும். இருக்கட்டும், அதன் வேலை குறையைக் காட்டிக்கொடுப்பது, புகைவாடை, பூஞ்சை, அதிகம் பழுத்த புளிப்பு எதுவும் ஒளிந்துகொள்ள முடியாது. இணையத்தில் யாராவது அந்தக் கணக்கைக் கொடுத்து 'நிபுணர்கள் இப்படித்தான் காய்ச்சுகிறார்கள்' என்றால், மருத்துவர்கள் எக்ஸ்ரேயைத்தான் கல்யாண ஆல்பத்தில் ஒட்டுகிறார்கள் என்பது போலத்தான்.

நான் இருந்த அறையில் நீளமான மேசை, வரிசையாக வெள்ளைக் கோப்பைகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் காய்ந்த இலை, கவிழ்த்த மூடியின் மேல் ஊறிய இலை. நாக்கில் வைப்பதற்கு முன்பே பாதி தீர்ப்பு ஆகிவிடும். ஊறிய இலை புதுச் செப்புக்காசு மாதிரி பளிச்சென்று இருந்தால் நல்லது, கறுத்து மந்தமாக இருந்தால் எங்கோ தவறு நடந்திருக்கிறது. அப்புறம் ஒரு கரண்டியில் எடுத்து 'ஸ்ஸ்ர்ர்' என்று வீட்டில் அடி வாங்கும் அளவுக்குச் சத்தமாக உறிஞ்ச வேண்டும். காற்றும் டீயும் கலந்து தூவலாகப் போனால்தான் வாசனை தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். உறிஞ்சி, வாயில் ஒரு சுற்றுச் சுற்றி, துப்பிவிடுவோம். முதல் வாரம் எனக்குச் சத்தம் போட வெட்கமாக இருந்தது, இரண்டாவது வாரம் வீட்டில் ரசத்தையும் அப்படியே உறிஞ்சி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டிய பயிற்சி ஒன்றே ஒன்றுதான், அதைச் செய்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். நீலகிரி இலையை மூன்று கோப்பையில் 2 கிராம் வீதம் போட்டு, ஒரே கெட்டிலிலிருந்து 150 மில்லி ஊற்றி, ஒன்றை ஒரு நிமிடத்திலும் அடுத்ததை மூன்று நிமிடத்திலும் கடைசியை ஆறு நிமிடத்திலும் வடியுங்கள். கொஞ்சம் ஆறியதும் வரிசையாகக் குடியுங்கள், பிறகு கடைசியிலிருந்து முதலுக்கு. சூடாக இருக்கும்போது நாக்கு எதையும் கண்டுபிடிக்காது. ஒரு நிமிடக் கோப்பையில் வாசனை மட்டும் இருக்கும், வாயில் கனம் இருக்காது; ஆறு நிமிடத்தில் துவர்ப்பு எப்படி வந்து கன்னத்தின் உள்பக்கத்தைப் பிடிக்கிறது என்று பாருங்கள். அந்தப் பிடிப்பு கொஞ்சமாவது இருக்க வேண்டும், அது இல்லாத டீ உப்புப் போடாத சாம்பார். மறுநாள் மல்லிகை டீயை எடுத்து நேரத்தை மாற்றாமல் சூட்டை மட்டும் மாற்றிச் செய்யுங்கள். அப்போது கசப்பு தனியாக, துவர்ப்பு தனியாகப் பிரிந்து தெரியும்.

வாசனைக்கு வார்த்தை தேடும்போது பொட்டலத்தில் இருப்பதைப் பார்க்காதீர்கள். நாம் தின்றே பார்க்காத பழங்களின் பெயரெல்லாம் அதில் எழுதியிருப்பார்கள். உங்கள் மூக்குக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்: மழை நனைத்த வைக்கோல், வறுத்த பச்சைப்பயறு, கரும்புச்சாறு, பழைய மரப்பெட்டி, நன்னாரி. டார்ஜிலிங்கில் மே, ஜூன் மாதங்களில் பறிக்கும் இரண்டாம் பருவ டீக்கு 'மஸ்கடெல்' வாசனை என்று பெருமையாகச் சொல்வார்கள். மஸ்கட் திராட்சை வாசனை என்பதுதான் அது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை அதே மஸ்கட் குடும்பம்தான், மோந்து பழகிய மூக்கு நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. அந்த வாசனை வருவதற்கு ஒரு காரணம் தத்துப்பூச்சி கடிப்பது. கடிபட்ட கொழுந்து தற்காப்புக்காகச் சுரப்பது கோப்பையில் மணக்கிறது. மருந்தடித்துப் பூச்சியைத் துரத்தினால் வாசனையும் போய்விடும்.

அடுத்து என்ன வாங்கலாம் என்று கேட்பீர்கள். என் சொந்த ஆசையைச் சொன்னால் இலங்கையின் ஊவா மலைப்பகுதித் தேயிலை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கண்டிப் பக்கம் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டதிலிருந்து வளர்ந்தது இலங்கையின் தேயிலைத் தொழில். அதன் கதை மலையகத் தமிழரின் கதையும்தான். ஊவாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்று அடிக்கும்போது பறித்த இலையில் தலைவலித் தைலத்தை நினைவூட்டும் ஒரு குளிர்ச்சி இருக்கும், நிஜமாகவே தைலத்தில் இருக்கும் அதே பொருள்தான் அதிலும் இருக்கிறது. சிலருக்கு அது பிடிக்காது, எனக்கு உயிர். சர்க்கரை இல்லாமல் முடியாது என்றால் யாழ்ப்பாணத்து வழக்கத்தைப் பின்பற்றுங்கள்: வெறுந்தேத்தண்ணீரில் எதுவும் கலக்காமல், கையில் ஒரு துண்டு பனங்கட்டியை (நம் கருப்பட்டி) வைத்துக் கடித்துக்கொண்டு குடிப்பது. இனிப்பும் கிடைக்கும், டீயின் ருசியும் மறையாது.

செம்பருத்தி, துளசி, சங்குப்பூ, கெமோமில் இவையெல்லாம் தேயிலைச் செடியே இல்லை, கஷாய இனம். நன்றாகக் கொதிநீர் ஊற்றி ஐந்து, ஏழு நிமிடம் விடுங்கள், மேலே சொன்ன நுணுக்கம் எதுவும் வேண்டாம்.

பாத்திரத்துக்குச் செலவழிக்காதீர்கள். ஓட்டை போட்ட உருண்டை வடிகட்டிக்குள் இலையைத் திணித்துத் தொங்கவிடுவதைத்தான் நான் சகிக்க மாட்டேன், இலை விரிய இடம் வேண்டும். ஒரு பீங்கான் ஜக்கில் இலையைத் தாராளமாக மிதக்கவிட்டு, நேரம் ஆனதும் மொத்தமாக இன்னொன்றில் வடியுங்கள். அடியில் இலையோடு கொஞ்சம் தண்ணீரை விட்டுவைத்தால் அடுத்த கோப்பை வாயை இழுக்கும்.

சேமிப்பதில் ஒரு சொந்தக் கதை. ஆசையாக வாங்கிய முதல் பருவ டார்ஜிலிங்கை அடுப்படி அலமாரியில், மூடி சரியாக மூடாத டப்பாவில் வைத்திருந்தேன். பக்கத்து டப்பா பெருங்காயம். மல்லிகையை உறிஞ்சிக்கொள்ளும் இலை பெருங்காயத்தை மட்டும் வேண்டாம் என்று சொல்லுமா? இரண்டு வாரத்தில் அது ரசத்துக்கான டீ ஆகிவிட்டது. காற்றுப்புகாத தகர டப்பா, அஞ்சறைப்பெட்டியிலிருந்து தூரம், வெயில் படாத இடம். 50 கிராமுக்கு மேல் ஒரே தடவையில் வாங்காதீர்கள். கிரீன் டீயும் மல்லிகையும் ஆறு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியவை.

பால் டீக்கு இந்த இலைகளில் எதையும் போடாதீர்கள், அதற்கு நல்ல டீத்தூளும் தட்டிய இஞ்சியும் இருக்கிறது, காலையில் நான் குடிப்பதும் அதுதான். இன்னொரு விஷயம், உங்கள் ஊலாங் டப்பாவைத் திறந்து இலை உருண்டையாக இருக்கிறதா, கறுப்பாக நீள முறுக்காக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். உருண்டை என்றால் முதல் தண்ணீர் இலையை அவிழ்க்கவே செலவாகும், அதற்கு இன்னும் பதினைந்து விநாடி சேர்த்துக் கொடுக்க வேண்டும்.